துப்பாக்கிச் சாவு குறைந்ததா, எதனால் குறைந்தது: ஒரு தொடக்க விளக்கம்

அமெரிக்காவில் ஏதோ ஒரு பள்ளியில் துப்பாக்கிச் சூடு என்று டிவியில் ஓடினால், ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் டீ ஆறுவதற்குள் ரெண்டு தீர்ப்பு வந்துவிடும். "எல்லாத் துப்பாக்கியையும் பிடுங்கிப் போட வேண்டியதுதானே" என்பது ஒன்று. "கொல்லணும்னு நினைக்கிறவன் அரிவாளை எடுத்தாவது கொல்லத்தான் போறான், துப்பாக்கியப் பிடுங்கி என்ன ஆகப்போகுது" என்பது இன்னொன்று. டல்லாஸிலோ ஹூஸ்டனிலோ பிள்ளை வேலை பார்க்கிற வீட்டுக்காரர்கள் மட்டும் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளாமல் போனை எடுத்துக்கொண்டு வெளியே போவார்கள்.

ரெண்டு தீர்ப்பும் ஊகம்தான். இந்த விஷயத்தில் பல வருஷங்களாக ஆராய்ச்சி நடந்திருக்கிறது, எது சாவைக் குறைக்கிறது, எது குறைக்கவில்லை, எதைப் பற்றி இன்னும் அடித்துச் சொல்ல முடியாது என்று ஓரளவுக்குப் பிரித்துப் பார்க்கவும் முடிகிறது. அதைத்தான் கணக்கு வாத்தியார் வேலை இல்லாமல் இங்கே சொல்லப் போகிறேன். நம்ம கரையில் துப்பாக்கிச் சூடு என்றாலே கடலில் மீனவர் மீது நடப்பதுதான் முதலில் நினைவுக்கு வரும் என்பது தெரியும். அது ரெண்டு அரசாங்கத்துக்கு நடுவே உள்ள விவகாரம், அதன் காரணமும் தீர்வும் வேறு. இங்கே பேசுவது வீட்டிலும் தெருவிலும் சாதாரண ஆட்கள் கையில் இருக்கும் துப்பாக்கியைப் பற்றி.

## முதலில், யார் சாகிறார்கள்?

2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். இதில் கொலை செய்யப்பட்டவர்கள் 20,958 பேர். தற்கொலை செய்துகொண்டவர்கள் 26,328 பேர். ஆமாம், பாதிக்கு மேல் தற்கொலை. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை, ஏனென்றால் ஒரு வீட்டு அறைக்குள் தனியாக நடப்பது டிவிக்கு வராது. டிவிக்கு வரும் கூட்டக் கொலைகள், எந்தக் கணக்குப்படி எண்ணினாலும், மொத்தச் சாவில் மிகச் சிறிய பங்குதான்.

ஆக "துப்பாக்கி வன்முறை" என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதற்குள் குறைந்தது மூன்று நான்கு வேறு வேறு சாவுகள் இருக்கின்றன. மனம் உடைந்த ஒரு நடுத்தர வயது ஆள் தன் வீட்டில் சாவது, ரெண்டு தெருக் கும்பலுக்கு நடுவே பதிலுக்குப் பதில் நடக்கும் கொலை, கணவன் மனைவியைச் சுடுவது, அலமாரியில் கிடந்த துப்பாக்கியைக் குழந்தை எடுத்து விளையாடுவது. இத்தனைக்கும் ஒரே மருந்து இருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் முதல் கோளாறு.

## "குறைந்தது" என்றால் எதோடு ஒப்பிட்டு?

இதைப் புரிந்துகொள்ள நம்ம தடைக்காலமே போதும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. தடை முடிந்து முதல் நாள் போய்வந்த படகில் இறாலும் நண்டுமாகப் பாடு, அதாவது வலையில் கிடைத்தது, கொழித்தால், பாம்பன் பாலத்துக்கு ரெண்டு பக்கமும் உள்ள எல்லா ஊரிலும் ஒரே விவாதம்தான் நடக்கும். தடைக்காலத்தில் மீன் குஞ்சு பொரித்துப் பெருகியது என்பார் ஒருவர். ரெண்டு மாசம் யாரும் வலை வீசவில்லை, சேர்ந்து கிடந்ததை அள்ளிக்கொண்டு வந்தோம், இதில் பெருகியது எங்கே என்பார் இன்னொருவர். கச்சான் என்கிற மேற்கத்திக் காற்று இந்த வருஷம் முன்னாடியே கிளம்பிவிட்டது, தடை இல்லாவிட்டாலும் இதே பாடு வந்திருக்கும் என்று ஒரு பெரியவர் முடிப்பார்.

மூவரில் யார் சொல்வது சரி? தடைக்கு முந்தைய பாட்டையும் பிந்தைய பாட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்க்கவே முடியாது. இதே மாதிரி கடல், இதே காற்று, ஆனால் தடை இல்லாத இன்னொரு இடம் வேண்டும். அங்கேயும் பாடு ஏறியிருந்தால் பெரியவர் சொன்னது சரி. இங்கே மட்டும் ஏறியிருந்தால்தான் தடைக்கு மார்க் போடலாம். அந்த இன்னொரு இடத்துக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ஒப்பீட்டுக் குழு. சான்று என்று இந்தக் கட்டுரையில் நான் சொல்வதெல்லாம் இதைத்தான்: ஒரு திட்டம் வந்த இடத்தையும், மற்ற எல்லாவற்றிலும் அதே மாதிரி இருந்து திட்டம் மட்டும் வராத இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது.

இன்னொரு சிக்கல். சட்டம் எப்போது வருகிறது? பெரிய கொடுமை ஒன்று நடந்து, எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும் வருஷத்தில். படுமோசமான ஒரு வருஷத்துக்கு அடுத்த வருஷம் பெரும்பாலும் அவ்வளவு மோசமாக இருக்காது, யாரும் எதுவும் செய்யாவிட்டாலும். ஆனால் அந்த இறக்கத்தைச் சட்டம் கொண்டுவந்த கட்சி தன் கணக்கில் எழுதிக்கொள்ளும், எதிர்க்கட்சி அதைக் கிண்டல் செய்யும், ரெண்டு பேரும் ஒப்பீட்டுக் குழுவைக் கேட்கவே மாட்டார்கள்.

## அரிவாள் வாதத்துக்கு இலங்கை சொல்லும் பதில்

"சாகணும்னு முடிவு பண்ணினவனை யார் தடுக்க முடியும், இது இல்லன்னா அது" என்ற பேச்சு நம்மிடம் ஆழமாக ஊறிப்போனது. அது எவ்வளவு தப்பு என்பதற்கு உலகத்திலேயே வலுவான சான்றுகளில் ஒன்று தனுஷ்கோடியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

1995-ல் இலங்கையில் லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையில் இறந்தார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. பெரும்பகுதி வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தால். அந்த ஆண்டு வாக்கில் மிகக் கொடிய நச்சு வகைகளின் இறக்குமதியை அரசு நிறுத்தியது, 1998-ல் இன்னொன்றையும் தடை செய்தது. 2005-ல் விகிதம் 24. பாதியாகிவிட்டது.

சரி, இது போர் நடந்த நாடு, வேறு எத்தனையோ மாறியிருக்கலாமே என்று கேட்டால் அது சரியான கேள்வி, ஆராய்ச்சியாளர்களும் அதையே கேட்டார்கள். போர் நடந்த வருஷங்கள், வேலையில்லாத் திண்டாட்டம், குடி, விவாகரத்து என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தும் எதுவும் இந்த இறக்கத்தோடு பொருந்தவில்லை. நெல் விளைச்சலும் விழவில்லை, "மருந்து இல்லாமல் விவசாயம் படுத்துவிடும்" என்ற பயத்துக்கும் பதில் கிடைத்துவிட்டது. எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இதுதான்: விஷம் குடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எண்ணிக்கை குறையவில்லை. முயன்றவர்கள் முயன்றார்கள். ஆனால் கைக்குக் கிடைத்தது முன்னைப்போலக் கொடியதாக இல்லாததால் பிழைத்துக்கொண்டார்கள்.

பிழைத்தவர்கள் திரும்பத் திரும்ப முயன்று ஒருநாள் செத்துப்போவார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஒருமுறை முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பின்னாளில் தற்கொலையால் சாகவில்லை. அந்த வேகம் பெரும்பாலும் நிமிஷக் கணக்கிலோ மணிக் கணக்கிலோ ஏறி இறங்குகிற ஒன்று. ஏறியிருக்கும் நேரத்தில் கையெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பது உயிரைத் தீர்மானிக்கிறது. அப்படிக் கையெட்டாமல் செய்வதற்கு வழிமுறைக் கட்டுப்பாடு என்று பெயர்.

(இதைப் படிக்கும்போது உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ அப்படி ஒரு நேரம் ஓடிக்கொண்டிருந்தால் கட்டுரையை விட்டுவிடுங்கள். 104 அல்லது 14416-க்கு இப்போதே போன் போடுங்கள், ரெண்டும் இலவசம், தமிழில் பேசலாம்.)

இனி துப்பாக்கி. துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் போல இறந்துவிடுகிறார்கள், மனசு மாறுவதற்கு அங்கே நேரமே கிடையாது. இஸ்ரேல் ராணுவத்தில் இளம் சிப்பாய்கள் வார விடுமுறைக்குத் துப்பாக்கியோடு வீட்டுக்குப் போவது வழக்கமாக இருந்தது. 2006-ல் அதை முகாமிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள், அவ்வளவுதான் மாற்றம். தற்கொலை ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது, குறைந்ததும் பெரும்பாலும் வார இறுதியில்தான், வாரநாட்களில் பெரிய மாற்றம் இல்லை. இங்கே வாரநாட்களே ஒப்பீட்டுக் குழு வேலையைச் செய்துவிட்டன பாருங்கள்.

கொலையிலும் கதை அதிகம் மாறுவதில்லை. 1968-ல் பிராங்க்ளின் ஜிம்ரிங் என்ற ஆய்வாளர் சிகாகோ போலீஸ் பதிவுகளை எடுத்து, கத்தித் தாக்குதலையும் துப்பாக்கித் தாக்குதலையும் ஒப்பிட்டார். ஆட்களும் அதே மாதிரி, சண்டைக்கான காரணமும் அதே மாதிரி, ஆனால் துப்பாக்கி வந்த சண்டையில் சாவு ஏறக்குறைய ஐந்து மடங்கு. அரிவாளை எடுப்பவன் எடுப்பான்தான், ஆனால் அரிவாளுக்குத் தப்பி ஓடியவர்களையும் தடுத்துப் பிடித்தவர்களையும் நாமே பார்த்திருக்கிறோம்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: சாவுகள் பல வகை, ஒப்பீடு இல்லாத எண்ணிக்கைக்கு அர்த்தம் இல்லை, கையில் கிடைக்கும் பொருள் மாறினால் எண்ணம் மாறாவிட்டாலும் சாவு குறைகிறது.

## பூட்டினால் போதுமா?

அப்படியானால் பூட்டி வைத்தால் தீர்ந்தது என்று தோன்றும். இலங்கையிலேயே அதையும் சோதித்தார்கள். வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்கள், ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். குலுக்கல் போட்டுப் பாதிக் கிராமங்களில் பூச்சிமருந்தைப் பூட்டி வைக்க வீட்டுக்கு வீடு பெட்டி கொடுத்தார்கள், மீதிக் கிராமங்களில் கொடுக்கவில்லை. இப்படிக் குலுக்கலில் பிரித்துப் பார்ப்பதற்குச் சமவாய்ப்புச் சோதனை என்று பெயர். ஒப்பீட்டுக் குழுவை அமைக்க இதைவிட நேர்மையான வழி கிடையாது. 2017-ல் முடிவு வெளிவந்தது: பெட்டி வந்த கிராமத்துக்கும் வராத கிராமத்துக்கும் வித்தியாசம் இல்லை. கேட்பதற்கு அவ்வளவு புத்திசாலித்தனமாக இருந்த யோசனை. இந்தச் சோதனை மட்டும் நடக்காமல் போயிருந்தால் இந்நேரம் நாடு நாடாகப் பெட்டி விநியோகித்து ரிப்பன் வெட்டியிருப்பார்கள்.

ஏன் பலிக்கவில்லை என்பதற்கு என் ஊகம் ஒன்று உண்டு: சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடமிருந்தே அந்தப் பெட்டி அவரைக் காப்பாற்றாது.

ஆனால் துப்பாக்கியில், அதுவும் குழந்தைகள் விஷயத்தில், பூட்டுக்கு நல்ல சான்று இருக்கிறது, காரணமும் அதுவேதான், அங்கே சாவி வேறொருவர் கையில். குழந்தைக்கு எட்டும்படி துப்பாக்கியை விட்டுவைத்தால் பெரியவருக்குத் தண்டனை என்ற சட்டம் அமெரிக்காவில் சில மாநிலங்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் அமெரிக்காவின் துப்பாக்கி ஆய்வுகளை எல்லாம் சலித்துத் தரம் பிரித்தபோது, வலுவான சான்று உள்ளது என்று சொன்ன மிகச் சில விஷயங்களில் இந்தச் சட்டமும் ஒன்று. சிறுவர் தற்கொலையும் கைதவறிச் சுடுவதும் குறைகின்றன. பள்ளிச் சூட்டுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் ஜனாதிபதிக்குக் காவல் இருக்கும் அமெரிக்க ரகசியச் சேவை 2019-ல் வெளியிட்ட ஆய்வில், துப்பாக்கியோடு பள்ளியைத் தாக்கிய மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைத் தங்கள் வீட்டிலிருந்தோ நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தோதான் எடுத்திருந்தார்கள்.

## தெருச் சண்டைக்கு வேறு மருந்து

1990-களில் பாஸ்டன் நகரத்தில் இளைஞர் கொலை தலைவிரித்து ஆடியது. யார் கொல்கிறார்கள் என்று போலீசும் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால், நகரத்து இளைஞர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான, சுமார் 1,300 கும்பல் ஆட்களைச் சுற்றியே 60 சதவீத இளைஞர் கொலைகள் நடந்திருந்தன. நகரம் முழுக்கச் சோதனை போட்டு வழியில் போகிற பையனை எல்லாம் நிறுத்தி விசாரிப்பது வீண் என்று அப்போதுதான் புரிந்தது. அந்தக் கும்பல்களை நேராகக் கூப்பிட்டு, போலீஸ், பாதிரியார், தெருப் பணியாளர் எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து ரெண்டே விஷயம் சொன்னார்கள்: இனி உங்களில் ஒருவன் சுட்டால் கும்பல் மொத்தத்தின் மேலும் கவனம் திரும்பும். வேலை, படிப்பு, சிகிச்சை வேண்டும் என்றால் இந்தா ஆள், இப்போதே பேசு. 1996-ல் தொடங்கிய இத்திட்டத்துக்குப் பிறகு மாதாந்திர இளைஞர் கொலை 63 சதவீதம் குறைந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்கா முழுக்கவே குற்றம் இறங்கிக்கொண்டிருந்தது என்பதால் மொத்த மார்க்கையும் திட்டத்துக்கே போட முடியாது. மற்ற நகரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதும் பாஸ்டனின் இறக்கம் தனித்துத் தெரிந்தது, எவ்வளவு என்பதில்தான் இன்னும் வாதம்.

சிகாகோவில் கேரி ஸ்லட்கின் என்ற மருத்துவர், ஆப்பிரிக்காவில் காலரா, எய்ட்ஸ் வேலை பார்த்துவிட்டு வந்தவர், கொலையும் தொற்று மாதிரி ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் பரவுகிறது என்று பார்த்தார். ஒரு கொலை விழுந்த அன்று ராத்திரியே பழிவாங்கக் கிளம்புபவனை நிறுத்திப் பேச, அதே தெருவில் முன்பு கும்பலில் இருந்து விலகியவர்களைச் சம்பளத்துக்கு வைத்தார். நம்ம பக்கம் ஊர்ப் பெரியவர் நடுவில் விழுந்து மறிப்பது போலத்தான், ஆனால் அங்கே பெரியவரைவிட அந்தத் தெருவில் அடிபட்டு வந்தவன் சொன்னால்தான் எடுபடும். முடிவு ஊருக்கு ஊர் மாறியது. சில இடத்தில் நன்றாகக் குறைந்தது, சில இடத்தில் ஒன்றும் மாறவில்லை. யோசனை நன்றாக இருக்கிறது என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது பிலடெல்பியா. ஆளில்லாமல் குப்பை மேடாகிக் கிடந்த 541 காலி மனைகளைக் குலுக்கலில் பிரித்து, சிலவற்றைச் சுத்தம் செய்து புல்லும் மரமும் வைத்து இடுப்பளவு மரவேலி போட்டார்கள், சிலவற்றை அப்படியே விட்டார்கள். 2018-ல் வந்த முடிவின்படி, மிக ஏழ்மையான பகுதிகளில் சீர்செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. துப்பாக்கியை யாரும் தொடவே இல்லை. மறைவாக ஆயுதம் ஒளித்து வைக்கவும் கும்பல் கூடவும் இடமில்லாமல் போனதும், அக்கம்பக்கத்தார் வெளியே வந்து உட்கார ஆரம்பித்ததும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். சீமைக்கருவேலம் மண்டிய புறம்போக்குக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

## லைசென்ஸும் திரும்ப வாங்குவதும்

கனெக்டிகட் மாநிலம் 1995-ல் கைத்துப்பாக்கி வாங்கும் முன் பயிற்சி எடுத்து, போலீசில் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும் என்றது. மிசௌரி மாநிலம் இதே மாதிரி இருந்த ஒரு சட்டத்தை 2007-ல் தூக்கிப் போட்டது. ஒன்றில் சட்டம் வந்தது, இன்னொன்றில் போனது, ஆய்வுக்கு இதைவிட வாகான ஜோடி கிடைக்காது. மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டபோது கனெக்டிகட்டில் துப்பாக்கிக் கொலை எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது, மிசௌரியில் எதிர்பார்த்ததைவிட ஏறியது. எவ்வளவு என்ற மதிப்பீடு ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது, திசை மட்டும் மாறவில்லை.

துப்பாக்கியைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கும் முகாம்கள் அமெரிக்க நகரங்களில் அடிக்கடி நடக்கும், மேஜை மேல் அடுக்கி வைத்துப் போட்டோ எடுப்பார்கள். இதனால் கொலை குறைந்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. கொண்டுவந்து கொடுப்பது பெரும்பாலும் பரணில் துருப்பிடித்துக் கிடந்தது, சுடுகிறவன் கொண்டுவரப் போவதில்லை. ஆஸ்திரேலியா செய்தது வேறு. 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு, ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கி வகைகளைத் தடை செய்து சுமார் 6,50,000 துப்பாக்கிகளைக் கட்டாயமாக வாங்கி அழித்தார்கள், லைசென்ஸையும் இறுக்கினார்கள். துப்பாக்கித் தற்கொலை இறங்கியதில் சான்று ஓரளவு தெளிவு. கொலை அதற்கு முன்பே இறங்கிக்கொண்டிருந்ததால், அதில் சட்டத்தின் பங்கு எவ்வளவு என்று இன்றும் சண்டை போடுகிறார்கள்.

## ஏன் இத்தனை "தெளிவில்லை"?

ராண்ட் பட்டியலைத் திறந்தால் பல கட்டங்களில் "தெளிவில்லை" என்றே இருக்கும். அதைப் பார்த்து "ஒன்றும் வேலை செய்யாது" என்று படித்துவிடக் கூடாது, போதுமான ஆய்வே நடக்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். 1996-ல் அமெரிக்க நாடாளுமன்றம், நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பணத்தைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கச் செலவழிக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தது. டிக்கி திருத்தம் என்பார்கள். ஆராய்ச்சி செய்யாதே என்று அதில் இல்லை, ஆனால் வேலை போகும் என்ற பயத்தில் இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கம் யாரும் அதிகம் போகவில்லை. 2019-ன் கடைசியில்தான் இந்த ஆராய்ச்சிக்கு என்று 2.5 கோடி டாலர் ஒதுக்கினார்கள்.

## நம்ம பக்கம்

இதையெல்லாம் அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது, 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண ஆள் ஒருவர் ரெண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. இந்தியாவில் துப்பாக்கிக் கொலையில் பெரும்பகுதி வடமாநிலங்களில், அதுவும் லைசென்ஸ் இல்லாத கள்ளத் துப்பாக்கியால். எனவே கனெக்டிகட் பாடம் நமக்கு நேராகப் பொருந்தாது, கள்ளப் பட்டறையை எப்படி மூடுவது என்பதுதான் இங்கே கேள்வி. திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து நெல் வயல்காரர்களுக்குத் துப்பாக்கி ஆய்வைவிட இலங்கை ஆய்வுதான் நெருக்கமானது, கடையில் என்ன மருந்து விற்கலாம் என்று அரசு எடுக்கும் முடிவுதான் பூட்டுப் பெட்டியைவிடப் பெரிய வேலை செய்யும் என்று அது சொல்கிறது.

லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகளும் நம்ம மாவட்டத்தில் இருக்கத்தான் செய்கின்றன. தேர்தல் அறிவித்ததும் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்து, எல்லாம் முடிந்த பிறகு வாங்கி வருவது அவர்களுக்குப் பழகிய நடைமுறை. அதற்குத் தேர்தல் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒருவர் கடன் தொல்லையிலோ, குடியிலோ, யாரையோ இழந்த துக்கத்திலோ இருக்கும் சில மாதங்களுக்கு, அதை ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ பாதுகாப்புக்கு ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது.